சர்புன்னிசாவின் மூன்றாம் தண்ணீர்

திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகள் வரிசையாக இருக்கும் தெருவில், கடைசிக் கட்டடத்தையும் தாண்டிப் போனால் தகரக்கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை இருந்தது. ஊரார் அதைக் குடல் கொட்டகை என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். தோல் வாடையிலேயே பிறந்து வளர்ந்த தெருக்காரர்களே மூக்கைப் பொத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சர்புன்னிசாவுக்கு மட்டும் அங்கே எந்த வாடையும் தெரியாது. தெரிகிறது என்று யாராவது சொன்னால் சும்மா விடவும் மாட்டாள்.

“நாறுதா? எங்க நாறுது? மோந்து பாத்துட்டுச் சொல்லு” என்று கழுவி முடித்த குடலைக் கொத்தாக எடுத்து எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவாள். சொன்னவர்கள் இரண்டடி பின்வாங்கி, “இல்லத்தா, நாறல” என்று ஒப்புக்கொண்டு போவார்கள்.

கொட்டகையை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் சௌகத் அலி தொடங்கினார். அதுவரை ஆட்டுத்தொட்டியில் அறுத்த ஆடுகளின் குடலில் பாதி வீட்டுக் குழம்புக்குப் போகும், பாதி நாய்க்குப் போகும். மெட்ராஸில் ஒரு கம்பெனி ஆட்டுக்குடலை வாங்கி, கீறி, முறுக்கி, ஆஸ்பத்திரியில் உடம்பைத் தைக்கிற நூலாகச் செய்கிறது என்று கேள்விப்பட்டு அவர் சரக்கு அனுப்ப ஆரம்பித்தார். அவர் முதலில் வேலைக்குச் சேர்த்த ஆள் சர்புன்னிசா. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. எட்டு வருடத்தில் கொட்டகையில் முப்பது பெண்கள் ஆனார்கள், சர்புன்னிசா அவர்களுக்குத் தலைமை ஆனாள். அந்தப் பதவியை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள், யாருக்கும் எதிர்த்துப் பேசத் துணிவு இல்லை.

வேலை இதுதான். விடிந்ததும் ஆட்டுத்தொட்டியிலிருந்து கூடை கூடையாகக் குடல் வந்து இறங்கும். சாணத்தைப் பிதுக்கி வெளியேற்றி முதல் தண்ணீரில் அலசுவார்கள். பிறகு பலகையில் போட்டு மூங்கில் பட்டையால் கொழுப்பையும் சவ்வையும் வழிப்பார்கள். கொஞ்சம் அழுத்தினால் கிழியும், கொஞ்சம் விட்டால் கொழுப்பு நிற்கும். வழித்து முடித்தால் வெங்காயத்தோல் மாதிரி ஒரு குழாய் மிஞ்சும். அதை இரண்டாம் தண்ணீரில் அலசி, பொழுது சாயும் நேரம் மூன்றாம் தண்ணீரில் போட்டு எடுத்துச் சட்டத்தில் கட்டிக் காயவைப்பார்கள். காய்ந்தால் வைக்கோல் நிறத்தில் இருக்கும். மூன்றாம் தண்ணீர்த் தொட்டி சர்புன்னிசாவினுடையது. மற்றவர்கள் கழுவியதை அவள் அங்கே ஒவ்வொன்றாக விரலில் உருவிப் பார்ப்பாள். ஓட்டை இருந்தாலும் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

வேலை தொடங்கிய நாளில் கம்பெனி ஆள் ஒருவர் வந்து, நல்ல தண்ணீரைத் தவிர வேறு எதுவும் குடல்மேல் படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சர்புன்னிசா அதை வேதவாக்காக வைத்திருந்தாள். சோப்புக்கையோடு வந்த ஒருத்தியை ஒருநாள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அறுபத்திரண்டு கடைசியில் அவள் புருஷன் ரஹ்மத்துல்லாவுக்குக் குடலிறக்கம் வந்தது. தோல் ஷாப்பில் ஈரத்தோல் கட்டுகளைத் தூக்கித் தூக்கி வந்த வினை. ஆஸ்பத்திரியில் சேர்த்து வயிற்றைக் கீறித் தைத்தார்கள். தைத்த நூல் எது என்று கம்பவுண்டரைத் துளைத்தெடுத்து, ஆட்டுக்குடல் நூல்தான் என்று தெரிந்துகொண்டதும் சர்புன்னிசாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கட்டில் நோயாளிகள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், வாசல் பெருக்குகிறவள் வரைக்கும் எல்லோரையும் பிடித்து, “எங்க வீட்டுக்காரர் வயித்துக்குள்ள இருக்கிறது என் கைவேலை” என்று சொன்னாள். ரஹ்மத்துல்லா வெட்கப்பட்டுப் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

ஆனால் தைத்த இடம் லேசாகச் சீழ் பிடித்தது. பத்து நாளில் ஆறவேண்டியது இருபத்தைந்து நாள் இழுத்தது. டாக்டர் மருந்து போட்டார், வீட்டுக்கு வந்த பிறகு சர்புன்னிசா மஞ்சளை இழைத்துப் பற்றுப் போட்டாள், ஆறியது. மருந்தால் ஆறியதா மஞ்சளால் ஆறியதா என்று அவளிடம் கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி என்பதுபோல் பார்ப்பாள்.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. வெளியே பூசுகிற மஞ்சளை நூலிலேயே போட்டுவிட்டால் என்ன? உள்ளே போகிற நூலுக்கு அல்லவா அது முதலில் வேண்டும்? வீட்டில் குழம்புக்குக் குடல் கழுவும்போது மஞ்சள் போடாமல் எவள் கழுவுகிறாள்? தின்கிற குடலுக்கே மஞ்சள் உண்டு என்றால், மனுஷன் வயிற்றுக்குள் வைத்துத் தைக்கிற குடலுக்கு இல்லையா? தண்ணீரைத் தவிர எதுவும் படக் கூடாது என்ற பேச்சு அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அது அழுக்கைப் பற்றிய பேச்சு. மஞ்சளை யாராவது அழுக்கோடு சேர்ப்பார்களா? தை மாதத்திலிருந்து மாலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சளைத் துணியில் முடிந்து மூன்றாம் தண்ணீரில் ஒரு கலக்குக் கலக்கினாள். இதில் ஒளிவும் இல்லை, மறைவும் இல்லை. அந்த நேரத்தில் மற்றவர்கள் சட்டத்தடியில் இருப்பார்கள், அதனால் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சரக்கின் நிறம் ஒரு பிடி கூடியது. அதைக் கண்டு சௌகத் அலியே, “இந்தத் தடவை சரக்கு தங்கமா இருக்கேம்மா” என்று மெச்சிக்கொண்டார்.

மாசி கடைசியில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. திண்டுக்கல் சரக்கைச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டால் சிவந்துபோகிறது, மற்ற ஊர்ச் சரக்கு சிவக்கவில்லை, ரத்தம் போகக் கழுவாமல் அனுப்பியிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தது. சௌகத் அலி கொட்டகை நடுவில் நின்று அதைப் படித்தார். சர்புன்னிசாவுக்குக் காது அடைத்துவிட்டது. அவள் கையில் ரத்தமா? எட்டு வருடத்தில் ஒரு சொட்டுக்கூட அவள் விரலைத் தாண்டிப் போனதில்லையே.

“மொதலாளி, ரத்தம் காஞ்சா கறுத்துப்போகும். எந்த ஊர்ல செவக்குது?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் கம்பெனி கெமிஸ்ட்டுக்குத் தெரியும். படிச்சவன் எழுதிருக்கான்” என்றார் அவர்.

அடுத்த சரக்கும் சிவந்தது. இரண்டாவது கடிதம் காரமாக வந்தது. கெமிஸ்ட் நேரில் வருவார், பார்ப்பார், சரியில்லை என்றால் திண்டுக்கல் சரக்கே வேண்டாம். சௌகத் அலி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கொட்டகை மூடினால் முப்பது வீட்டில் அடுப்பு எரியாது. யார்மேலாவது பழி போட்டால்தான் கம்பெனிக்குப் பதில் எழுத முடியும் என்று நினைத்தாரோ என்னவோ, வழிக்கிற வரிசையில் கடைசியில் உட்காரும் பேச்சாயியை, கண் மங்கிப்போச்சு, சரியாக வழிக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டார். பேச்சாயி ஒன்றும் சொல்லாமல் மூங்கில் பட்டையைக் கழுவிப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஏழு வருடம் சர்புன்னிசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள்.

சர்புன்னிசா வாயைத் திறக்கவில்லை. எப்போதும் முதலில் பேசுகிறவள் அன்று பேசவில்லை. ரத்தம் என்றால் அது தன் கையாக இருக்க முடியாது, அப்படியானால் வேறு யார் கையாகவோதான் இருக்க வேண்டும், பேச்சாயிக்குக் கண் கொஞ்சம் மங்கல்தான் என்று அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

சித்திரையில் ஒரு பெண் வந்தாள். பெயர் செபாஸ்தியம்மாள். ஆத்தூரில் அணைத் தண்ணீரில் நெல் விவசாயம் பார்க்கும் குடும்பம். மெட்ராஸில் மருந்துப் படிப்பு மூன்றாம் வருடம். ஆஸ்பத்திரிச் சாமான் செய்கிற இடம் ஒன்றில் ஆறு வாரம் வேலை பழகிவிட்டு, கம்பெனியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால்தான் அடுத்த வருடம் பரீட்சை. அவளோடு படித்த பையன்கள் பெரிய மருந்துக் கம்பெனிகளுக்குப் போனார்கள். இவளுடைய அப்பாவோ, காலேஜ் ஹாஸ்டலோடு சரி, காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு வந்துசேருகிற இடமாக இருந்தால் போ, இல்லாவிட்டால் படித்தது போதும் என்றுவிட்டார். அப்படி ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அது இந்தக் கொட்டகை.

வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய்கள் அடுக்கிய ஒரு மரப்பெட்டி, ஒரு நோட்டு. இவற்றோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் சர்புன்னிசாவுக்குச் சந்தேகம் தட்டியது. கம்பெனிக்காரன் உளவு பார்க்க அனுப்பிய ஆள் என்றே முடிவுகட்டினாள். அன்று காலை முழுக்க அவள் வேறு எதையும் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் மூக்கையே பார்த்தாள். கை ஒரு தடவையாவது மூக்குப் பக்கம் போகட்டும், அப்புறம் இருக்கிறது சேதி என்று காத்திருந்தாள். போகவில்லை. செபாஸ்தியம்மாள் கோட்டுக் கையை மடித்துவிட்டு முதல் தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டாள்.

“என்ன தங்கச்சி, உனக்கு நாறலையா?” என்று சர்புன்னிசாவே கேட்கும்படி ஆனது.

“நாறத்தாங்க்கா செய்யுது. எங்க மாட்டுக் கொட்டத்துல இதுக்கு மேல நாறும்” என்றாள் அவள்.

நாறுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லியும் சர்புன்னிசாவுக்குக் கோபம் வராத முதல் ஆள் அவள்தான். மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இவள் சோறும் கறி ஆணமும் கொண்டுவந்தாள், அவள் தயிர்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவந்தாள்.

நாலாம் நாள், கடிதத்தில் இருந்ததைப் பெண்கள் சொல்லக் கேட்ட செபாஸ்தியம்மாள் கடைவீதியில் சலவைச் சோடா வாங்கிவந்தாள். காய்ந்த சரக்கில் ஒரு துண்டு நறுக்கிக் கண்ணாடிக் குழாயில் போட்டுச் சோடாக் கரைசலை ஊற்றினாள். பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். துண்டு மெல்ல மெல்லச் சிவந்தது. யாரோ ஒருத்தி, “அல்லா!” என்றாள். அந்தச் சிவப்பைச் சர்புன்னிசா கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

செபாஸ்தியம்மாள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பிறகு எலுமிச்சம்பழம் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். நாலு சொட்டுப் பிழிந்ததும் நுரை பொங்கி அடங்கியது. இன்னும் நாலு சொட்டு. சிவப்புப் போய்த் துண்டு மறுபடி மஞ்சளாகிவிட்டது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அக்கா, இது ரத்தம் இல்லக்கா. ரத்தம்னா திரும்ப மஞ்சளாகுமா? இது ஆலம்! கல்யாணத்துல சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்து சுத்துவாங்களே, அதேதான். சுண்ணாம்பு செய்யுற வேலையச் சோடா செஞ்சிருக்கு. எங்க காலேஜ்ல மஞ்சத் தடவுன காகிதத்த வச்சே இப்படி டெஸ்ட் பண்ணுவோம். ஆமா, மஞ்ச எப்படிக்கா இதுக்குள்ள வந்துச்சு?”

கொட்டகையே கைதட்டிச் சிரித்தது. ரத்தம் இல்லை, ரத்தம் இல்லை என்று ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக் குலுக்கினாள். சர்புன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முதலில் பார்த்தது பேச்சாயியின் காலியான பலகையை.

“தெரியலையே” என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அன்று சோறு இறங்கவில்லை. ரஹ்மத்துல்லா இரண்டு தடவை கேட்ட பிறகு விஷயத்தைக் கொட்டினாள். அவர் வயிற்றுத் தையலைத் தடவிக்கொண்டே, “நல்லதுக்குத்தானே செஞ்ச? அப்பொறம் ஏன் மறைக்கிற?” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. ஆனால் அவளுக்குத் தெரியும், பிரச்சினை மஞ்சள் இல்லை. முதல் கடிதம் வந்த அன்றே, நான் மட்டும் தனியாக ஒன்று செய்தேன் என்று சொல்லியிருந்தால் பேச்சாயி போயிருக்க மாட்டாள். அவளுக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. தன் கையில் குற்றம் இருக்கும் என்ற நினைப்பே அவளுக்கு எட்டு வருடத்தில் வந்ததில்லை.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த செபாஸ்தியம்மாளைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்தினாள்.

“தங்கச்சி, மஞ்சப் போட்டது நான்தான்.”

அந்தப் பெண் அதிரவில்லை. யோசித்தாள். “அக்கா, எம் ரிப்போர்ட்ல பேரு வேணாம். தற்செயலா மஞ்ச கலந்திருக்குன்னு எழுதிடுறேன். ரத்தம் இல்லன்னு ஆயிருச்சுல்ல, அது போதும்” என்றாள்.

“தற்செயலாவா? மூணு மாசமா தெனமும் மஞ்ச எடுத்துட்டு வந்து, துணியில முடிஞ்சு, கலக்கு கலக்குன்னு கலக்கியிருக்கேன். அம்புட்டுப் பாடும் தற்செயலா? எம் பேரை எழுது. நல்லாப் பெருசா எழுது” என்றாள் சர்புன்னிசா.

வெள்ளிக்கிழமை கெமிஸ்ட் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், கையில் தோல்பை. ஜும்மாத் தொழுகை முடிந்து அவசரமாக வந்த சௌகத் அலி வேர்க்க விறுவிறுக்க அவர் பின்னாலேயே நடந்தார். கெமிஸ்ட் சட்டத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் பையிலிருந்த சோடாக் கரைசலில் போட்டுச் சிவக்க வைத்து, “பாருங்கள், ப்ளட். நான் எழுதினது தப்பா?” என்றார்.

“சார், செத்த நேரம்” என்று செபாஸ்தியம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான், அதற்காகப் பின்வாங்கவில்லை. அதே குழாயில் எலுமிச்சையைப் பிழிந்தாள். சிவப்புப் போனது. மறுபடி சோடா, மறுபடி சிவப்பு. மறுபடி எலுமிச்சை. கெமிஸ்ட் மூன்றாம் தடவை குழாயைத் தன் கையில் வாங்கித் தானே பிழிந்து பார்த்தார். காது சிவந்துவிட்டது. மஞ்சள் தடவிய காகிதம் அவரும் காலேஜில் பார்த்ததுதான்.

“டர்மரிக்” என்றார் மெதுவாக. “யார் போட்டது?”

“நான்தான்” என்று சர்புன்னிசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். “எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேசன் பண்ணித் தச்ச எடம் சீழ் வச்சிருச்சு. இன்னொருத்தருக்கு அப்படி வரக் கூடாதுன்னு போட்டேன். தண்ணியத் தவிர எதுவும் படக் கூடாதுன்னு உங்க ஆளு சொன்னாரு. மஞ்ச அதுல சேராதுன்னு நெனச்சேன். இப்ப நீங்க சொல்றதுக்குக் கட்டுப்படுறேன். ஆனா ரத்தம்னு எழுதுனீங்களே, அதுக்கு நான் கட்டுப்பட மாட்டேன். எட்டு வருசத்துல ஒரு சொட்டு ரத்தம் என் கையில போனதில்ல.”

சௌகத் அலி தலையில் கை வைத்துக்கொண்டார். கெமிஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அம்மா, மஞ்சள் கூடாது. அது கெட்டது என்று சொல்லவில்லை. நாங்கள் சோதித்துப் பார்க்காத எதுவும் ஒரு ஆளின் வயிற்றுக்குள் போகக் கூடாது. உள்ளே போட்ட தையல் இத்தனை நாள் தாங்கும், இத்தனை நாளில் கரையும் என்று டாக்டர் எங்களை நம்பித் தைக்கிறார். நீங்கள் ஒன்றைச் சேர்த்தால் எங்கள் சொல் பொய்யாகிவிடும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரத்தம் என்று எழுதியது என் தப்பு. உங்கள் சரக்கு சுத்தமான சரக்கு” என்றார்.

“அத எழுதிக் குடுங்க” என்றாள் சர்புன்னிசா. “தமிழ்ல எழுதுங்க. எங்களுக்குப் படிச்சுக் காட்டணும்ல.”

அவர் செபாஸ்தியம்மாளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கி, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே பேனாவால் அந்தப் பெண்ணின் பயிற்சித் தாளிலும் போட்டார். ஆறு வாரம் முடியட்டும் என்று அவர் சொல்லவே இல்லை. செபாஸ்தியம்மாள் ஆறு வாரமும் வந்தாள் என்பது வேறு விஷயம்.

சௌகத் அலி தாளைச் சத்தமாகப் படித்துக்காட்டினார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் சர்புன்னிசா அதை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

“மொதலாளி, பேச்சாயிய எல்லார் முன்னாலயும் போகச் சொன்னீங்க. நாளைக்கு எல்லார் முன்னாலயும் வாம்மான்னு சொல்லணும். இப்பப் போய் நான் அவகிட்டச் சொல்லிட்டு வாரேன்” என்றாள். அவர் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார்?

பேச்சாயி வீடு ரயிலடிக்கு அந்தப் பக்கம். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சர்புன்னிசா தாளை நீட்டினாள். இருவருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள், சோடா, எலுமிச்சை, கெமிஸ்ட் காது சிவந்தது எல்லாம். கடைசியில், சொல்ல வேண்டியதையும் சொன்னாள்.

“அன்னிக்கு நான் ஒரு வார்த்த பேசல, பேச்சாயி. உன் கைதான்னு நெனச்சுட்டேன்.”

பேச்சாயி கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். ஒரு காம்பு, இன்னொரு காம்பு. பிறகு நிமிர்ந்தாள்.

“நானும் உன் கைதான்னு நெனச்சேன்” என்றாள்.

“என்னது?”

“தை மாசத்துல இருந்து நீ தெனமும் ஒரு துணி முடிச்சு கொண்டாந்தல்ல? நான் கடைசில உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? என்னமோ போடுற, அதுலதான் செவக்குதுன்னு எனக்குத் தோணுச்சு. மொதலாளி என்னையப் போகச் சொன்னப்ப வாய் வரைக்கும் வந்துருச்சு. சொன்னா உன்னைய அனுப்பிருவாரு. உன் வீட்டுக்காரரு வேற இன்னும் பாரம் தூக்க முடியாம வீட்டுலயே கெடந்தாரு. சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு வந்துட்டேன்.”

சர்புன்னிசா வாசல் மண்ணிலேயே உட்கார்ந்து பேச்சாயியின் கீரைக்கறை படிந்த இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதாள். அழுகையோடு அவளுக்கு ஒரு பெருமையும் பொங்கியது. இத்தனை நாள் தன் கையைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தாளே, அதைவிடச் சுத்தமான கை ஒன்று ஏழு வருடமாகத் தன் பக்கத்திலேயே இருந்திருக்கிறது என்ற பெருமை.

“கையை விடுடி, ஒலையில கீரையப் போடணும்” என்றாள் பேச்சாயி.

மறுநாள் காலை சௌகத் அலி வாசலில் நின்று, “வாம்மா பேச்சாயி” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பேச்சாயி நேரே போய்த் தன் பலகையில் உட்கார்ந்தாள். சர்புன்னிசா வேலையைத் தொடங்க விடவில்லை. முப்பது பெண்களையும் கூப்பிட்டு நிறுத்தி, செபாஸ்தியம்மாளை நோட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி, “இப்ப நான் சொல்றதயும் உன் ரிப்போர்ட்ல எழுது” என்று ஆரம்பித்து, பேச்சாயி செய்த காரியத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள்.